பிரேக் அக்காவும் தூங்குமூஞ்சியின் கோட்டையும்

பிரேக் அக்கா என்ற பட்டத்தை வைத்தது அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள்தான். டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இன்னொரு பிரேக் என்று இரண்டு இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் அக்காவின் கால் பட்டும் படாமலும் இருக்கும். அழுத்தவே மாட்டாள். ஆனால் அது அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில் எப்பேர்ப்பட்ட தொடைநடுங்கியும் வண்டியைக் கிளப்பிவிடுவான்.

அதற்கு முன்னால் அவள் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவருடைய வேனை அவசரத்துக்கு ஓட்டுவதற்காகத்தான் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். அந்த ஸ்கூல் முதலாளிக்குத் தொண்டை வெண்கலம். அவர் "கிளட்ச்!" என்று ஒரு சத்தம் போட்டால் அடுத்த தெருவில் சைக்கிளில் போகிறவர்கூட எதையாவது மிதிப்பார். ஒரு நாள் அவரிடம் திட்டு வாங்கிய நர்ஸ் ஒருத்தி, காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த இவள் தன் செருப்பு இரண்டையும் கழற்றித் தரையில் வைத்தாள்.

"இத பாருங்க, இது கிளட்ச்சு, இது ஆக்சிலேட்டரு. ஒண்ணு மேல வரும்போது இன்னொண்ணு கீழ போகணும். புருஷன் பொண்டாட்டி சண்டை மாதிரி. ஒருத்தர் இறங்கினா இன்னொருத்தர் ஏறலாம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஏறினா வண்டி குதிக்கும்."

நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. கதவோரம் நின்று கேட்ட முதலாளிக்கு, இத்தனை வருஷமாக இது நமக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. இவள் லைசென்ஸ் வாங்கிய கையோடு வேலைக்கு வைத்துக்கொண்டார்.

வேலையில் அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. டெஸ்டில் தோற்றவரை அவள் நேரே வீட்டுக்கு அனுப்ப மாட்டாள். எந்த இடத்தில் தோற்றாரோ அதே இடத்துக்கு அப்போதே கூட்டிப் போய், அதே திருப்பத்தைத் திரும்ப எடுக்கச் சொல்வாள். "பயத்தை இங்கயே இறக்கி விட்டுட்டுப் போங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா அது சோபாவுல உக்காந்துக்கும், அப்புறம் எழுப்ப முடியாது" என்பாள். கேட்பவர்களுக்கு இது வேதவாக்கு மாதிரி இருக்கும்.

இப்படிப்பட்டவள் கோட்டை விளையாட்டில் மாட்டிக்கொண்டதற்கும் டெஸ்ட்தான் காரணம். மாணவர்கள் டெஸ்ட் நடக்கும் மைதானத்துக்குள் போய்விட்டால் அக்காவுக்கு வெளியே காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பாஸான மாணவர் ஒருவர், பேக்கரி வைத்திருப்பவர், நன்றிக்கடனாக அவள் போனில் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். நமக்கென்று ஒரு கோட்டை கட்டிக்கொள்ள வேண்டும். படை திரட்ட வேண்டும். அடுத்தவன் கோட்டைக்குப் போய் நேரம் முடிவதற்குள் நடுவில் இருக்கும் அரண்மனையைத் தரைமட்டமாக்கினால் வெற்றி. நாலு பேர் கூட்டாகச் சேர்ந்தால் அதற்குக் கிளான் என்று பெயர். அக்காவிடம் படித்த பழைய மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து 'செகண்ட் கியர்' என்று ஒரு கிளான் ஆரம்பித்தார்கள். லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு மட்டுமே அனுமதி. தலைவி யார் என்று கேட்கவும் வேண்டுமா?

தலைவி தோற்றதே இல்லை. தோற்காததன் ரகசியம் வீரம் அல்ல, நிதானம். எதிரிக் கோட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். சந்தேகம் வந்தால் விட்டுவிடுவாள். கிளான் உரையாடலில் யாராவது அவசரப்பட்டுத் தோற்றால், "எந்தக் கியர்ல போனீங்க?" என்று ஒரு வரி மட்டும் எழுதுவாள். தோற்றவர் அன்று முழுக்கத் தலைகாட்ட மாட்டார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அக்காவுக்குச் சறுக்கியது ஒரு சாதாரண மத்தியான வேளையில், மைதானத்துக்கு வெளியே நிறுத்திய காருக்குள்.

எதிரியின் பெயர் தூங்குமூஞ்சி. அவன் கோட்டையும் பெயருக்கேற்ற மாதிரிதான் இருந்தது. சுவரில் ஒரு பக்கம் வாசல் போல ஒரு இடைவெளி, ஆளில்லாமல் திறந்து கிடந்தது. ஒரு மூலையில் பீரங்கி, அதன் முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. நடுவில் பெரிய மீன் சிலை ஒன்று. "பாவம், கட்டி முடிக்காமலே தூங்கிட்டான் போல" என்று நினைத்த அக்கா, அன்றைக்கென்று சுற்றிப் பார்க்கவில்லை. "எல்லாரும் பாருங்க, இதுதான் கிளீன் அட்டாக்" என்று கிளானுக்கு அறிவிப்பு வேறு கொடுத்துவிட்டுப் படையை இறக்கினாள்.

பூதங்கள் என்று சொல்லப்படும் குண்டு வீரர்கள் திறந்த வாசல் வழியாக வரிசையாக உள்ளே போனார்கள். தரையில் புதைத்திருந்த ஸ்பிரிங் ஒவ்வொருவரையும் ஆகாயத்துக்கு அனுப்பியது. மிச்சமிருந்த பூதங்கள் பீரங்கியை அடிக்கப் போய், வழியில் நின்ற தண்ணீர்த் தொட்டியைக் குத்திக்கொண்டே இருந்தார்கள். வெடிகுண்டு சுமந்து ஓடும் சுவர் உடைப்பவர்கள் தப்பான பக்கம் இறங்கி, ஒரு பூந்தோட்டத்து வேலியைப் பெரும் தியாகத்தோடு தகர்த்தார்கள். வில்லாளிப் பெண்களோ மீன் சிலையைச் சுற்றி நின்று அதன்மேல் அம்பு விட்டார்கள். நேரம் முடிந்தது. அரண்மனையில் ஒரு ஓடுகூடப் பெயரவில்லை.

கிளான் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பேக்கரிக்காரர் எழுதினார்: "அக்கா, நெட் பிரச்சனையா?"

நர்ஸ் எழுதினாள்: "எனக்கும் இன்னிக்கு நெட் சரியில்லக்கா."

கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த மரியாதைதான் அவளைக் கொன்றது. "ஆமாம், நெட்" என்று எழுதி, மீசையில் மண் ஒட்டாதது போலப் போனைப் பைக்குள் போட்டாள். அதற்குள்ளே தூங்குமூஞ்சி என்ற ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதாக அவளுக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

பழி வாங்குவது என்று முடிவெடுத்தவளுக்குப் படை திரளும்வரை பொறுமை இல்லை. கால்வாசிப் படையோடு மறுபடி போனாள். தோற்றாள். அடுத்து வில்லாளிகளை மட்டும் அழைத்துக்கொண்டு போனாள். அவர்கள் மீன் சிலையைத் தாண்டவில்லை. பட்ட காலிலே படும் என்று வீட்டில் பெருமூச்சு விட்டாள். "எந்தக் காலு? காட்டு" என்றார் கணவர். அவர் எப்போதும் ஏதாவது ஒரு ஃபிரிட்ஜின் வயிற்றுக்குள் தலையை விட்டிருப்பவர். உலகச் செய்திகள் அவருக்குப் பாதிதான் எட்டும்.

அந்த நாட்களில் அவளிடம் படித்தவர் ஒரு சலூன்காரர். டெஸ்டில் பலமுறை தோற்றவர். ரிவர்ஸ் எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்த வேண்டிய இடத்தில், ஒவ்வொரு தடவையும் இடது பக்கத்துக் கம்பத்தைத் தவறாமல் இடித்துவிடுவார். வேறு கம்பத்தை இடிக்கவே மாட்டார். அதில் ஒரு விசுவாசம் இருந்தது. அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்ற கேள்வியை இருவரும் சாமர்த்தியமாக அடுத்தவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

ஒரு நாள் காலை அவர் நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டு போனார். தெருவோரம் ஒரு காகிதப் பை காற்றில் புரண்டது. அக்காவின் கால் இரண்டாவது பிரேக்கில் ஏறி மிதித்தது. சலூன்காரரின் மூக்குக் கண்ணாடி பறந்து போய் முன் கண்ணாடியில் மோதி விழுந்தது.

"கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?" என்று கத்தினாள்.

"இப்பதான்க்கா அங்க போச்சு" என்று சலூன்காரர் டேஷ்போர்டைக் காட்டினார்.

அக்கா வாய்விட்டுக் கத்தியது அந்தக் காரில் அதுதான் முதல் தடவை. கத்திய குரல் அச்சு அசலாக முதலாளியின் குரல் மாதிரி இருந்தது. அவளுக்கே உடம்பு கூசியது.

அன்று சாயங்காலம் இன்னொரு இடி. ஓயாமல் படையெடுத்ததில் தன் கோட்டைச் சுவரை அவள் கவனிக்கவே இல்லை. யாரோ வந்து சூறையாடிவிட்டுப் போயிருந்தார்கள். சமையலறை வாசலில் நின்று போனைப் பார்த்து, "ஐயோ, எல்லாம் போச்சே! ஒரு சுவர்கூட மிச்சமில்ல, எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளிட்டாங்க!" என்று அலறினாள்.

உள்ளறையில் இருந்த மாமியாருக்கு ஒரு காது மந்தம். மந்தமான காதில் பாதியும் நல்ல காதில் மீதியும் விழுந்தது. ஓடி வந்து, "என்னம்மா சொல்ற? யாரு இடிச்சா?" என்றாள்.

"யாருன்னே தெரியலை அத்தை. நாம பாக்காத நேரமாப் பாத்து வந்து இடிச்சுட்டாங்க."

"ஆளுங்க யாரும் உள்ள இல்லையே?"

"இருந்தாங்க. எல்லாரும் போயிட்டாங்க அத்தை" என்று சொல்லிவிட்டு அக்கா குளிக்கப் போனாள்.

மருமகளின் பிறந்த வீடு இடிந்துவிட்டது என்று மாமியார் முடிவு செய்துகொண்டாள். உடனே போனை எடுத்தாள். செய்தி காட்டுத்தீ போலப் பரவியது. இருட்டுவதற்குள் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பெரியப்பா ஆப்பிள் பையோடு வந்தார். சித்தி வந்த வேகத்தில் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மனசைத் தேத்திக்கம்மா. சுவரு போனா கட்டிக்கலாம்" என்று அழுதாள்.

அக்காவுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. விளையாட்டில் தோற்றதைக்கூட மதித்து விசாரிக்க வந்திருக்கிறார்களே! "ஆமாம் சித்தி, ராத்திரியே கட்ட ஆரம்பிச்சுடுவேன். ஆனா இந்தத் தடவை ரெட்டைச் சுவரு. ரெண்டு பக்கமும் பீரங்கி வைக்கப் போறேன்" என்றாள்.

சித்தி அழுகையை நிறுத்திவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா மெதுவாகக் கணவரை ஓரம் கட்டி, "அதிர்ச்சியில ஏதேதோ பேசுது. டாக்டர்கிட்ட காட்டிடு" என்றார். அந்த நேரம் பார்த்து, இடிந்துபோன வீட்டில் நசுங்கியிருக்க வேண்டிய அக்காவின் அப்பா, செய்தி கேட்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். யார் வீடு இடிந்தது என்று அவர் எல்லாரையும் விசாரித்தார். அவரைப் பார்த்துச் சித்தி போட்ட சத்தத்தில் கணவரே ஃபிரிட்ஜிலிருந்து தலையை எடுத்தார்.

விஷயம் வெளிப்பட்டபோது பெரியப்பா ஆப்பிள் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மாமியார் மட்டும் விடவில்லை. "இருந்தாலும் அடுத்தவங்க சுவரை இடிக்கிறது தப்புதானே?" என்று தன் கட்சியிலேயே நின்றாள்.

இந்த அவமானத்துக்குப் பிறகு கோபம் வடிந்துவிட்டது. கோபம் வடிந்த இடத்தில் பயம் வந்து குடியேறியது. சூடு கண்ட பூனையானாள் அக்கா. தன் கோட்டையைச் சுற்றிச் சுவருக்கு மேல் சுவராகக் கட்டினாள். கடைசியில் அது கோட்டையாக இல்லை, வெங்காயமாக இருந்தது. படையெடுக்கப் போனாலும், உரிமையாளர் விளையாட்டையே மறந்து கைவிட்டுப் போன பாழடைந்த கோட்டைகளாகப் பார்த்துப் போனாள். புல் முளைத்த வீட்டில் பூட்டை உடைத்துவிட்டு, "வெற்றி" என்று கிளானில் போட்டாள். பேக்கரிக்காரர் ஒரு கைதட்டும் பொம்மையை அனுப்பினார். அந்தப் பொம்மையே அரைமனதாகத் தட்டுவது போல இருந்தது.

காரிலும் அதே கதைதான். பெரிய ரோட்டுக்கு யாரையும் கூட்டிப் போகவில்லை. சந்தைக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் வட்டம் வட்டமாகச் சுற்றவிட்டாள். ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, தன்னால் முடிந்த அளவு மெதுவாகக் கேட்டார். ஜன்னல் கண்ணாடி லேசாகத்தான் அதிர்ந்தது.

"ஏம்மா, உங்க ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் இடது பக்கமே திரும்பறாங்களாமே? நேத்து ஒரு அம்மா டெஸ்ட்ல கிளம்பி, திரும்பித் திரும்பி, கிளம்பின இடத்துக்கே வந்து 'முடிஞ்சுதா'ன்னு கேட்டிருக்காங்க."

"அஸ்திவாரம் போட்டுட்டு இருக்கேன் சார்" என்றாள் அக்கா.

"கட்டடம் எப்ப?" என்றார் முதலாளி.

அப்படி இருக்கும்போதுதான் கிளான் போர் அறிவிக்கப்பட்டது. இரண்டு கிளான்கள் மோதும் போரில் எதிரி யார் என்பதை விளையாட்டே தீர்மானிக்கும். செகண்ட் கியருக்கு எதிராக வந்து நின்றது தூங்குமூஞ்சி இருக்கிற கிளான். ஆளுக்கு இரண்டு தாக்குதல். தலைவி தாக்க வேண்டியது எதிரே அதே வரிசையில் இருக்கிற கோட்டையை. அங்கே மீன் சிலை நின்றுகொண்டிருந்தது.

"விரல் சுளுக்கிடுச்சு, எனக்குப் பதிலா யாராவது போங்க" என்று அக்கா எழுதினாள்.

"எந்த விரல்க்கா? மருந்து சொல்றேன்" என்று நர்ஸ் கேட்டாள். அக்கா பதில் போடவில்லை. சுளுக்கிய விரலால் எழுத முடியாதல்லவா.

போர் நாளன்று சலூன்காரருக்கும் டெஸ்ட். அவர் உள்ளே போனார், சுற்றினார், ரிவர்ஸ் எடுத்தார், இடது கம்பத்தை இடித்தார். டெஸ்ட் அதிகாரி பழகிய மனிதர். "கம்பம் உங்களை விசாரிச்சுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்த சலூன்காரரிடம் அக்கா சுரத்தில்லாமல், "சரிண்ணே, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாள்.

சலூன்காரர் நகரவில்லை. "வீட்டுக்கா? நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்களே. தோத்த இடத்துலயே நிக்கணும், பயம் சோபாவுல உக்காந்துக்கும்னு என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க! எங்க வீட்டுல சோபாவே இல்லைன்னாலும் நான் பயந்துட்டுதானே இருந்தேன்?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஊருக்குத்தான் உபதேசம் என்று யாரோ காதருகே சொன்ன மாதிரி இருந்தது. காருக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டாள்: திறந்த வாசல், பூதங்கள், தூங்குமூஞ்சியின் சிரிப்பு, ஆப்பிள் பை எல்லாவற்றையும்.

கேட்டுவிட்டு அவர், "தோத்ததை ரீப்ளே போட்டுப் பாக்கலாம்னு சொல்வாங்களே, நீங்க பாத்தீங்களா?" என்றார்.

"அதை எவ பாப்பா!"

"நான் பாக்கலாமா? எனக்கு லைசென்ஸ் இல்ல, கிளான்லயும் சேர்க்க மாட்டீங்க. இதையாவது காட்டுங்க."

மனசில்லாமல் போட்டுக் காட்டினாள். தன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சலூன்காரர் சினிமா பார்ப்பது போல ஆர்வமாகப் பார்த்தார்.

"அக்கா, இந்தக் குண்டு ஆளுங்க ஏன் தண்ணித் தொட்டியையே அடிக்கிறாங்க? தாகமா?"

அக்கா ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டாள்.

"வாசல் திறந்திருக்குன்னு எல்லாரும் ஏன் அதுலயே வரிசையா போறாங்க? முதல் ஆளு பறந்ததை ரெண்டாவது ஆளு பாக்கலையா? எங்க சலூன்ல ஒருத்தருக்குக் காதுல லேசா கத்தி பட்டாலே, காத்திருக்கிற எல்லாரும் எழுந்து போயிடுவாங்க... அட, இந்தப் பொண்ணுங்க மீனைச் சுடுறாங்களே! வேக வைக்கவா?"

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று சலூன்காரர் பயந்துவிட்டார். திரும்பியபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "இன்னொரு தடவை போடுங்கண்ணே, அந்த வேலியை உடைக்கிற தியாகிங்களைப் பாக்கணும்" என்றாள். மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் சிரிப்புக்கு நடுவே அவளுக்கு ஒன்று உறைத்தது. திறந்த வாசல் தூங்குமூஞ்சியின் சோம்பேறித்தனம் இல்லை, வலை. மூடிய பக்கத்துச் சுவருக்குப் பின்னால்தான் காவல் குறைவு. இத்தனை நாளும் அவள் கோபத்தோடு போனாள், பயத்தோடு ஓடினாள், ஆனால் எங்கே தோற்றோம் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

முதல் தாக்குதலை அங்கேயே ஆரம்பித்தாள். சுவர் உடைப்பவர்களை மூடிய பக்கம் அனுப்பினாள். சுவர் விழுந்தது. பூதங்கள் உள்ளே புகுந்தார்கள். ஒருவரும் பறக்கவில்லை. அரண்மனை ஆட்டம் கண்டது. இன்னும் இரண்டு குத்து குத்தினால் விழும் என்கிற நிலையில் நேரம் முடிந்தது. தோல்வி.

அவள் விரல் தானாக அடுத்த தாக்குதல் பொத்தானை நோக்கிப் பாய்ந்தது. பழைய சூடு தலைக்கு ஏறியது. பாதி வழியில் விரலை இழுத்துக்கொண்டு, போனைச் சலூன்காரர் கையில் திணித்தாள்.

"இதைப் பையில வைங்க. நான் கேட்டாலும் தராதீங்க. வாங்க, உங்க கம்பத்தைப் பாத்துட்டு வருவோம்."

மைதானத்தில் டெஸ்ட் முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். சலூன்காரர் ரிவர்ஸ் எடுத்தார். இடது கம்பத்தை இடித்தார். மறுபடி எடுத்தார். இடித்தார். அக்கா முதல்முறையாக அவர் கண்ணைக் கவனித்தாள். அவர் வழியைப் பார்க்கவே இல்லை. இடித்துவிடுவோமோ என்ற பயத்தில் அந்தக் கம்பத்தையேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, அந்தக் கம்பத்துக்கு நீங்க என்ன முடியா வெட்டப் போறீங்க? அதை விடுங்க. நடுவுல இருக்கிற காலி இடத்தைப் பாருங்க."

கார் இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. சலூன்காரர் இறங்கிப் போய்க் கம்பத்தைத் தொட்டுப் பார்த்தார். "இது இவ்வளவு தூரத்துலயா இருக்கு?" என்றார்.

பிறகு அக்கா போனைக் கேட்டாள். அவர் தரவில்லை. "கேட்டாலும் தராதேன்னு சொன்னீங்க" என்றார். நிஜமாகவே கேட்கிறேன் என்று அவரை நம்பவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

இரண்டாவது தாக்குதல். சுவர் விழுந்தது, பூதங்கள் போனார்கள், வில்லாளிகளை இறக்கப் போகிற நேரம் பார்த்துச் சலூன்காரர் ஒரு தும்மல் போட்டார். அக்காவின் விரல் வழுக்கியது. ஒரே ஒரு வில்லாளிப் பெண் கோட்டைக்குப் பின்னால், ஒரு மரத்தடியில் போய் இறங்கினாள்.

"அண்ணே!"

"தூசிக்கா!"

பூதங்கள் விழுந்தார்கள். மற்ற வில்லாளிகள் வழக்கம் போல மீன் சிலையிடம் போய் மாட்டிக்கொண்டு மடிந்தார்கள். அரண்மனை பாதி உயிரோடு நின்றது. மரத்தடிப் பெண் மட்டும், யார் கண்ணிலும் படாமல், பின்பக்கமிருந்து அரண்மனையின் மேல் ஒவ்வொரு அம்பாக விட்டுக்கொண்டிருந்தாள். எந்தப் பீரங்கிக்கும் அவள் எட்டவில்லை. அக்காவும் சலூன்காரரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். "விடும்மா, விடு, இன்னும் ஒண்ணு, என் தங்கமே!" என்று அக்கா கெஞ்சினாள். நேரம் முடிகிற தறுவாயில் அரண்மனை பொலபொலவென்று சரிந்தது.

இரண்டு பேரும் போட்ட கூச்சலில் டெஸ்ட் அதிகாரி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாஸ் ஆகலையே, எதுக்குக் கொண்டாட்டம்?" என்றார்.

"கம்பத்தை இடிக்கலை சார்!" என்று கத்தினார் சலூன்காரர்.

கிளானில் கைதட்டும் பொம்மைகள் குவிந்தன. அக்கா ஒரு வேலை செய்தாள். முதன்முதலில் தோற்றபோது பதிவான ரீப்ளேயை எடுத்து எல்லாருக்கும் அனுப்பி, கீழே எழுதினாள்: "அன்னிக்கு நெட் நல்லாத்தான் இருந்துச்சு. சிரிக்கிறவங்க சிரிக்கலாம்." பிறகு நர்ஸ், "அக்கா, உண்மையைச் சொன்னா நாங்க அன்னிக்கே சிரிச்சுட்டோம்" என்று எழுதினாள். பேக்கரிக்காரர், கடையில் அதைத் தினமும் ஒரு தடவை போட்டுப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

வெற்றிக் களிப்பில் அக்கா தூங்குமூஞ்சிக்கும் ஒரு செய்தி அனுப்பினாள். "இத்தனை நாளா என்னை நினைச்சு நினைச்சுச் சிரிச்சிருப்பீங்க. இப்ப எப்படி இருக்கு?"

மறுநாள்தான் பதில் வந்தது. "மன்னிக்கணும், நீங்க யாருங்க?"

அக்கா வாசித்துவிட்டுத் திகைத்தாள். அடுத்த வரியும் வந்தது. "நான் நைட் ஷிப்ட் பாக்கிறவன். பகல் முழுக்கத் தூங்குவேன். எழுந்து பாத்தா யாராவது வந்து தோத்துட்டோ ஜெயிச்சுட்டோ போயிருப்பாங்க. பேரெல்லாம் பாக்க நேரமில்லங்க." சற்றுப் பொறுத்து இன்னொன்று. "ஒரு தடவை யாரோ வந்து தண்ணித் தொட்டியை மட்டும் அடிச்சுட்டுப் போனாங்க. அது நீங்களா?"

"இல்லை" என்று எழுதினாள் அக்கா. உடனே அழித்துவிட்டு, "ஆமாம்" என்று எழுதி அனுப்பினாள்.

அடுத்த டெஸ்டில் சலூன்காரர் இரண்டு கம்பங்களுக்கும் நடுவே அழகாக நிறுத்தினார். அதிகாரி கையெழுத்துப் போட்டார். சந்தோஷத்தில் சலூன்காரர் ஹாண்ட் பிரேக்கைப் போடாமலே கீழே குதித்துவிட்டார். வண்டி மெல்ல உருண்டு போய் இடது கம்பத்துக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நின்றது. அதிகாரி கையில் இருந்த தாளைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார். "போட்ட கையெழுத்து போட்டதுதான். ஓடிடுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே அவர் செகண்ட் கியரில் சேர்ந்துவிட்டார். சேர்ந்த கையோடு ஒரு கோட்டைக்குப் படையெடுத்தார். எங்கே தொட வேண்டும் என்று தெரியாமல் எங்கோ தொட்டதில் மொத்தப் படையும் கோட்டைக்கு வெளியே ஒரே இடத்தில் குவிந்து இறங்கி, ஒரு புதரை வெட்டிக்கொண்டே நேரத்தைக் கழித்தது. தொழில் புத்தி போகவில்லை என்று நர்ஸ் எழுதினாள்.

அக்கா அவரைக் காருக்குள் உட்காரவைத்து, போனை முன்னால் சாய்த்து வைத்து, ரீப்ளேயை ஓடவிட்டாள். "எந்த இடத்துல தப்பு வந்துச்சுன்னு பாப்போமாண்ணே?"

"தப்பா? புதரு நல்லாத்தானேக்கா வந்திருக்கு" என்றார் சலூன்காரர்.